மேசைக்கு இந்தப் பக்கம்

வெள்ளவத்தை காலி வீதியில் ஒரு புத்தகக் கடை. வாசலில் பஞ்சாங்கமும் ஓ.எல். வினாத்தாள் தொகுப்புகளும் தொங்கும். உள்ளே போனால் ஓராள் பக்கவாட்டில்தான் நடக்கலாம். போன மாதம் அங்கே போய்க் கேட்டேன்: "அண்ணா, பொம்பளை துப்பறியிற மர்ம நாவல் ஏதும் இருக்கா? நம்ம கொழும்புல நடக்கிற மாதிரி?"

கடைக்காரர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "பொம்பிளை துப்பறியிறதோ?" முக்காலியில் ஏறி மேல்தட்டிலிருந்து ராஜேஷ்குமார் இரண்டும் பட்டுக்கோட்டை பிரபாகர் ஒன்றும் எடுத்துத் தூசி தட்டினார். பிரபாகரைத் தனியே நீட்டி, "இதிலை சுசீலா வருவா, பாருங்கோ" என்றார்.

சுசீலா வருவாள், எனக்குத் தெரியும். கொட்டாஞ்சேனையில் பள்ளிக்கூடப் பைக்குள் கணக்குக் கொப்பிக்கு நடுவில் ஒளித்து வாசித்த காலத்திலிருந்தே தெரியும். பரத்தோடு மூன்லைட் ஏஜென்ஸியில் இருப்பாள். அவள் போட்டிருக்கும் டீ-ஷர்ட்டில் என்ன வாசகம் என்று பார்க்கவே பாதிப் பேர் புத்தகத்தைத் திறந்தார்கள். சுபாவின் நாவல்களில் நரேந்திரனோடு வைஜயந்தி, ராஜேஷ்குமாரில் விவேக்கோடு ரூபலா. மூவரும் கெட்டிக்காரிகள், வாய்த்துடுக்கு வேறு. ஆனால் கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் ஒரு ஹோலில் உட்காரவைத்து "கொலைகாரர் யாரென்றால்..." என்று தொடங்கும் உரிமை பெரும்பாலும் ஆணுக்கே போய்ச் சேரும். சுஜாதாவின் கணேஷ், வசந்த் இருவரும் ஆண்கள். தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் முடித்துவிடுவார். எழுதுகிற பெண்களுக்குக் குறைவில்லை. 1925இல் 'ஜகன்மோகினி' சஞ்சிகையைக் கையிலெடுத்த வை.மு. கோதைநாயகி அம்மாள் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார், மர்ம முடிச்சுப் போடவும் அவருக்குத் தெரியும். துப்பறிகிற பெண் மட்டும் உதவியாளர் கதிரையை விட்டு எழும்பவே இல்லை.

இங்கிலாந்தில் 'தி ஃபீமேல் டிடெக்டிவ்' என்ற புத்தகம் வந்த ஆண்டு 1864. லண்டன் பொலிஸில் பெண்கள் கால்வைக்க அதன்பின் அரை நூற்றாண்டு சென்றது. அங்கே கதை முதலில் போனது, பொலிஸ் பின்னால் வந்தது. நம் நாட்டில் ஒரு பெண் முதன்முதலாகப் பிரதிப் பொலிஸ்மா அதிபரானது 2020இல். பிம்ஷானி ஜாசின் ஆராச்சிக்குக் கிடைத்த அந்தப் பதவி உயர்வை எதிர்த்து ஆண் அதிகாரிகள் சிலர் உயர் நீதிமன்றம் போனார்கள். பொலிஸும் பிந்தியது, கதையும் பிந்தியது.

இலங்கையில் எழுதவே இல்லையா என்றால், எழுதினார்கள். 1970களின் தொடக்கத்தில் இந்திய சஞ்சிகை இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது கிராண்ட்பாஸ் வீதியிலிருந்து வீரகேசரி மலிவு விலையில் நாவல்களைக் கொண்டுவந்தது. பாலமனோகரனின் 'நிலக்கிளி' அந்த வரிசையில் 1973இல் வந்ததுதான். அதே வீட்டுப் பத்திரிகையான 'மித்திரன்' மர்மத் தொடர்களுக்கென்றே வாங்கப்பட்டது. 1977இல் கதவு திறந்தது, தென்னிந்திய மாத நாவல்கள் மீண்டும் செட்டியார் தெருவில் கட்டுக்கட்டாக இறங்கின, உள்ளூர் மர்மம் ஒதுங்கிக்கொண்டது. ஆனால் இங்கே துப்பறியும் நாவல் வேர்விடாததற்குச் சந்தையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

'விசாரணை' என்ற சொல்லையே எடுங்கள். கோயம்புத்தூர் வாசகருக்கு விவேக் காரிலிருந்து இறங்கி, குளிர்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் செய்வது விசாரணை. வெள்ளவத்தை வாசகருக்கு அது நடுச்சாமத்தில் ஒழுங்கைக்குள் ஜீப் நின்று, மாடிப்படியில் சப்பாத்துச் சத்தம் ஏறி, பெல் அடிப்பது. போர்க்காலத்தில் அம்மா ஐசியையும் பொலிஸ் பதிவுப் பத்திரத்தையும் ஒரு சொப்பிங் பேக்கில் கதவுக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டிருப்பார். "எங்க இருந்து வந்தது? எதுக்கு வந்தது? எப்ப போறது?" கேள்வி கேட்பவர் மேசைக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். 'நாலாம் மாடி' என்று கொழும்புத் தமிழர் சொன்னால் எந்தக் கட்டடத்தின் நாலாம் மாடி என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் என்று முழுதாகச் சொல்ல மூச்சும் வராது, தேவையும் இல்லை.

2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்கத்து லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றினார்கள். வவுனியாப் பக்கம் கொண்டுபோனார்கள். கொழும்பில் தங்க 'சரியான காரணம்' இல்லை என்பதே குற்றச்சாட்டு. அவர்களில் 85 பேர் பெண்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது, பிரதமர் வருத்தமும் தெரிவித்தார். அந்த விடியலில் லொட்ஜ் அறைக்குள் யாராவது பாதி வாசித்த கிரைம் நாவலைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தால், மிச்சத்தை எந்த மனதோடு வாசித்திருப்பார்? துப்பறியும் நாவல் வாசகருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது: கேள்வி கேட்பவர் நியாயத்தின் பக்கம் நிற்கிறார். இந்த வாக்கை நம்ப முடியாத ஊரில் அந்தக் கதை ஓடாது.

அதற்காகக் கொழும்பில் நல்ல கொலைக்கதைக்குப் பஞ்சம் என்று நினைக்க வேண்டாம். வெள்ளவத்தைக் கால்வாயைத் தாண்டி வடக்கே நடந்தால் பம்பலப்பிட்டி, அங்கே செயின்ற் அல்பன்ஸ் பிளேஸ். 1951 ஒக்டோபர் 9ஆம் திகதி அந்த ஒழுங்கையில் ஒரு வீட்டுக் கராஜில் ஒரு பெண்ணின் உடல் கிடந்தது. கணவர் மகாதேவா சதாசிவம். 1948இல் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் இறங்கி ஆடியபோது இலங்கைக் கிரிக்கெட் அணித் தலைவராக நின்ற அதே 'சதா'. வேலைக்காரப் பையன் வில்லியம் முதலில் குற்றஞ்சாட்டப்பட்டவனாக நிறுத்தப்பட்டு, பிறகு மன்னிப்புப் பெற்று அரசுத் தரப்புச் சாட்சியானான். சதாசிவத்துக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். எடின்பரோவிலிருந்து தடயவியல் மருத்துவர் சேர் சிட்னி ஸ்மித் வந்து சாட்சி சொன்னார். இறந்த நேரத்தைக் கணிக்க உடற்சூடு எந்த வேகத்தில் இறங்குகிறது என்று பேராசிரியர் ஜீ.எஸ்.டபிள்யூ. டி சேரம் பரிசோதனைகள் செய்தார். 1953இல் சதாசிவம் விடுதலையானார். பேராசிரியர் ரவீந்திர பெர்னாண்டோ இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார்.

அந்த வழக்கில் பெரிய சண்டை எதைப் பற்றித் தெரியுமா? கொலை நடந்தது படுக்கையறையிலா, சமையலறையிலா. படுக்கையறை என்றால் கணவர், சமையலறை என்றால் வேலைக்காரன். காலை பத்து மணிக்கு அந்த வீட்டுக் குசினியில் எந்த வேலை முடிந்திருக்கும், எது அரைகுறையாகக் கிடக்கும், வீட்டுக்காரி அங்கே எந்த நேரத்தில் எதற்காகப் போவாள் என்பதையெல்லாம் கோட்டும் டையும் போட்ட பெரியவர்கள் மாதக்கணக்கில் வாதாடினார்கள். எனக்கு வாசிக்க வாசிக்கச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். பக்கத்து வீட்டு அன்ரி ஒருவரைக் குசினிக்குள் விட்டுப் பத்து நிமிஷம் தனியாக நிற்கவைத்திருந்தால் தேங்காய் துருவியதையும் உரலை நகர்த்தியதையும் வைத்து ஒரு கணக்குச் சொல்லியிருப்பார். சரியாகத்தான் சொல்லியிருப்பார் என்று நான் சத்தியம் செய்யவில்லை. கேட்டிருக்கலாம் என்கிறேன்.

அகதா கிறிஸ்டிக்கு இந்த இரகசியம் தெரியும். ஜன்னலோரம் பின்னல் பின்னிக்கொண்டு ஊரையே அளக்கும் மிஸ் மார்ப்பிளை அவர் 1930இல் நாவலுக்குள் கொண்டுவந்தார். வெள்ளவத்தைப் பிளட்ஸில் மாடிக்கு ஒரு மிஸ் மார்ப்பிள் உண்டு. எந்த வீட்டுக்குக் கனடாவிலிருந்து ஆள் வந்திருக்கிறது, எந்தப் பிள்ளைக்கு எத்தனையாவது சாதகம் பார்க்கிறார்கள், மூன்றாம் மாடியில் ஏன் இரண்டு நாளாகப் பால் பக்கற் எடுக்கவில்லை, எல்லாம் பல்கனியில் உடுப்புக் காயவிடும் நேரத்துக்குள் தெரிந்துவிடும். இந்தியாவை வைத்து இதை உணர்ந்து எழுதியவர்கள் இருக்கிறார்கள். சத்திர சிகிச்சை டொக்டரான கல்பனா சுவாமிநாதன், லல்லி என்ற ஓய்வுபெற்ற பொலிஸ்காரியை மும்பை வீடுகளுக்குள் அனுப்பினார். சுஜாதா மாஸியின் பெர்வீன் மிஸ்திரி, 1921 பம்பாயில் வக்கீல். 2018இல் வந்த அந்த நாவலில் ஆண் வக்கீல் நுழைய முடியாத கோஷா வீட்டு விதவைகளோடு அவளால் மட்டுமே உட்கார்ந்து பேச முடிகிறது. இரண்டும் ஆங்கிலத்தில்.

கொழும்பை வைத்து எழுதப்பட்டதில் நான் தேடியதற்கு மிக அருகில் வருவதும் ஆங்கிலம்தான். மைக்கல் ஒண்டாச்சியின் 'அனில்ஸ் கோஸ்ட்', 2000ஆம் ஆண்டு. இலக்கிய நாவல் என்று அலுமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார்கள். கீழே இறக்கிப் பார்த்தால் எலும்பும் தோலுமாக அது ஒரு துப்பறியும் கதை. அனில் திசேரா, தடயவியல் மானிடவியலாளர். பதினைந்து வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு மனித உரிமை அமைப்பொன்றின் சார்பில் திரும்பி வருகிறாள். அரச பாதுகாப்பில் உள்ள தொல்பொருள் பகுதியில் பழைய எலும்புகளோடு புதிய எலும்புக்கூடு ஒன்று கிடக்கிறது. அதற்கு 'செய்லர்' என்று பெயர் வைக்கிறாள். யார் இவன், எங்கே செத்தான், யார் கொண்டுவந்து போட்டது?

அவளுடைய ஆய்வுகூடம் எங்கே இருக்கிறது என்பது கொட்டாஞ்சேனைக்காரிக்கு மறக்காது: கொழும்புத் துறைமுகத்தில் நிரந்தரமாகக் கட்டிப்போட்ட 'ஒரொன்சே' என்ற பழைய பயணிகள் கப்பலில். புனித லூசியா பேராலயத்தின் மேட்டிலிருந்து பார்த்தால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரியும். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலிருந்து துறைமுக மதிலுக்கு நடை தூரம். அந்தக் கப்பலில் ஒருத்தி எலும்பை அளந்துகொண்டிருந்தாள் என்று ஒண்டாச்சி எழுதியபின் அந்தப் பக்கம் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அனில் ஞாபகம்.

ஆனால் அனிலுக்கு ஒரு பெரிய குறை. அவளுக்குப் பாஷை போய்விட்டது. சிங்களம் வாயில் தட்டுத்தடுமாறி வருகிறது. சின்ன வயதில் வளர்த்த ஆயாவைத் தேடிப் போய் நிற்கும்போது இருவருக்கும் நடுவில் பேச்சு ஓடவில்லை. எலும்பு பேசுவது விளங்குகிற பெண்ணுக்கு மனிதர் பேசுவது விளங்கவில்லை. தமிழர் இந்தக் கதையில் எங்கே என்ற கேள்வியை விமர்சகர் காதிரி இஸ்மாயில் அப்போதே கடுமையாகக் கேட்டார். எனக்கும் அந்தக் கோபத்தில் கொஞ்சம் பங்குண்டு. முடிவைச் சொல்லிவிடுகிறேன், வாசிக்காதவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம். அனில் கண்டுபிடித்துவிடுகிறாள். கண்டுபிடித்ததை அதிகாரிகள் நிறைந்த மண்டபத்தில் எழுந்து சொல்லும்போது மேசை திரும்பிவிடுகிறது. அவள் கேள்வி கேட்க வந்தவள், இப்போது அவளைக் கேட்கிறார்கள். அவள் நாட்டை விட்டுப் போகிறாள், அவளுக்கு உதவிய சரத் உயிரோடு திரும்பவில்லை. நாலாம் மாடியை அறிந்த வாசகருக்கு இந்தத் திருப்பம் திடுக்கிட வைக்காது.

கதைக்கு வெளியே, கதையை விட மேலான ஒரு துப்பறிவாளர் கொழும்பில் இருந்தார். டொக்டர் மனோராணி சரவணமுத்து. 1990 பெப்ரவரி 18ஆம் திகதி விடியுமுன் ராஜகிரிய வீட்டுக்கு ஆயுதம் தாங்கியவர்கள் வந்து அவர் மகன் ரிச்சர்ட் டி சொய்சாவைக் கொண்டுபோனார்கள். ரிச்சர்ட் பத்திரிகையாளர், நடிகர், கவிஞர். மறுநாள் மொரட்டுவைப் பக்கத்துக் கடலில் உடல் கிடைத்தது. வந்தவர்கள் பெயர் சொல்லவில்லை, அட்டை காட்டவில்லை. மனோராணிக்குக் கிடைத்த ஒரே தடயம், வாசலில் நின்றபோது பார்த்த முகம். சில மாதம் கழித்துத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தபோது அதே முகம் திரையில் வந்தது. பொலிஸ் சீருடையில். சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகர் ரொனி குணசிங்க என்று அவர் பெயர் சொன்னார். சத்தியக் கடதாசியும் கொடுத்தார்.

எந்த நாவலாசிரியரும் இதை எழுதத் தயங்குவார், தற்செயல் அதிகம் என்று பதிப்பாசிரியர் வெட்டிவிடுவார் என்ற பயத்தில். இது நடந்தது. வாயை மூடும்படி அவருக்குக் கொலை மிரட்டல் வந்தது, வழக்கறிஞர் பட்டி வீரக்கோனுக்கும் வந்தது. அவர் மூடவில்லை. மகனை இழந்த மற்றத் தாய்மாரோடு சேர்ந்து தாய்மார் முன்னணியின் முகமானார். அவர் பெயர் சொன்ன அதிகாரி, 1993 மே தினத்தில் ஆமர் வீதிச் சந்தியில் ஜனாதிபதி பிரேமதாசவைக் கொன்ற குண்டில் சேர்ந்து இறந்தார். கொட்டாஞ்சேனைக்கு மிதிவண்டி மிதிக்கும் தூரம் அது. வழக்கில் நிறுத்தப்பட்ட மூன்று பொலிஸார் 2005இல் விடுதலை. மனோராணி அதைப் பார்க்க இருக்கவில்லை, 2001இலேயே போய்விட்டார். கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் ஹோலில் உட்காரவைத்துப் பேசும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் ரஜனி திராணகமவும் ஒரு வகையில் அனிலுக்கு மூத்த அக்காதான். பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்தவர், வெளியே வந்தால் போர் என்ன செய்தது என்று பெண்களிடம் கேட்டு எழுதியவர். 'முறிந்த பனை' அப்படி வந்த சாட்சியம். 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக்கொல்லப்பட்டார். அவரைப் பற்றி ஹெலன் குளோடாவ்ஸ்கி 2005இல் எடுத்த ஆவணப்படத்துக்குப் பின்னணிக் குரல் கொடுத்தவர் யார் என்றால், மைக்கல் ஒண்டாச்சி. கற்பனை அனிலை எழுதியவரின் குரலில் நிஜ உடற்கூற்றுக்காரியின் கதையைக் கேட்பது ஒரு மாதிரியாக இருந்தது எனக்கு.

அப்படியானால் நமக்கு வர வேண்டிய நாவலின் நாயகி யார்? பொலிஸ்காரி வேண்டாம், வாசகர் கதவைத் திறக்கமாட்டார். வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குகிறவளும் வேண்டாம், பார்த்தாயிற்று. என் கணக்கில் அவள் புதுக்கடைக்குப் போகிறவள். நீதிமன்றங்கள் இருக்கும் ஹல்ஸ்டொர்ப்பை நாங்கள் புதுக்கடை என்றுதான் சொல்வோம். கொட்டாஞ்சேனையிலிருந்து அடுத்த மேடு. அங்கே வழக்கறிஞர் அறைகளைச் சுற்றித் தட்டச்சுக்காரர், சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்று ஒரு சின்ன உலகமே இருக்கிறது. முறைப்பாடு சிங்களத்தில், அழுகை தமிழில், வாதம் ஆங்கிலத்தில். மூன்றும் ஒருத்தி வாயில் வருவது கொட்டாஞ்சேனையில் அதிசயமில்லை. வீட்டில் தமிழ், முன்வீட்டில் சிங்களம், கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ். இந்த நகரத்தில் குற்றத்தின் தடயம் இரத்தத்துளியில் கிடப்பதைவிட மொழிபெயர்ப்பில் தொலைந்துபோவதே அதிகம் என்று எனக்கு ஓர் எண்ணம்.

எண்ணம் வந்த நாளையும் சொல்கிறேன். கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு, எழுபது தாண்டிய ஓர் அம்மா. வெள்ளை வானில் ஆள் கடத்திய காலத்தில் காணாமற்போன மகன். அவர் பெயரோ முகவரியோ இங்கே வேண்டாம். மேசையில் ஒரு சொப்பிங் பேக்கைக் கவிழ்த்தார். பொலிஸ், மனித உரிமை ஆணைக்குழு, செஞ்சிலுவைச் சங்கம், ஆணைக்குழு, இன்னொரு ஆணைக்குழு, காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகம். ஒவ்வொன்றுக்கும் தனி நைலோன் உறை. எல்லாவற்றுக்கும் அடியில் நாட்காட்டித் தாள்கள், பின்பக்கம் முழுக்கப் பேனா. எந்தத் திகதி எந்தக் கந்தோர், எத்தனை மணிக்கு யார் என்ன சொன்னார், சொன்னவர் சட்டையில் இருந்த இலக்கம், அவர் மீசை வைத்திருந்தாரா. ஒரு துப்பறிவாளரின் குறிப்பேடு எப்படி இருக்கும் என்று அன்றுதான் நேரில் பார்த்தேன்.

முதல் முறைப்பாட்டின் பிரதி ஒன்றும் இருந்தது, சிங்களத்தில், கீழே தமிழில் அவர் கையெழுத்து. "இதை யாரும் எனக்கு வாசிச்சுக் காட்டல்ல தங்கச்சி. நீங்க வாசிங்களேன்."

வாசித்தேன். பெயர், வயது, தொழில் எல்லாம் சரி. வான் வந்தது பின்னேரம் ஏழரைக்கு என்று இருந்தது.

"காலையில. நான் காலையிலன்னுதானே சொன்னேன்? ஸ்கூல் பிள்ளைகள் ரோட்டால போய்க்கிட்டு இருந்திச்சே." தாளைத் திருப்பித் தன் பக்கம் இழுத்து, தனக்கு விளங்காத அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தார். "இதிலயா?"

"அதிலதான் அம்மா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மூக்குக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு புதிய நாட்காட்டித் தாளைக் கிழித்துப் பின்பக்கம் திருப்பினார்.

"அப்ப இவ்வளவு காலமும் பின்னேரத்திலதான் தேடியிருக்காங்க. அத எழுதி எடுத்தவர் பேரு கீழ போட்டிருக்கா? மெதுவா சொல்லுங்க, எழுதிக்கிறேன்."